எல்லைப்புறக் குடியேறியைத் தேடி: நிலப் பத்திரங்களும் வழக்குக் கட்டுகளும்

அமெரிக்காவின் கென்டக்கிப் பகுதியில் 1775க்குப் பிறகு குடியேறிய முன்னோரைத் தேடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டுள்ளேன். 1792 ஜூன் 1 அன்று தனி மாநிலமாகும் வரை கென்டக்கி, வர்ஜீனியாவின் ஒரு பகுதியாகவே இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: என் கணவரின் முன்னோர் ஒருவர் 1780 வாக்கில் கென்டக்கிக்கு வந்து நிலம் எடுத்தார் என்று அவர்கள் குடும்பத்தில் சொல்கிறார்கள். அரசுப் பட்டாப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. செய்தி பொய்யா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். பட்டா என்பது கடைசிக் காகிதம். அதற்கு முன் மூன்று காகிதங்கள் உண்டு. 1779ஆம் ஆண்டு வர்ஜீனிய நிலச் சட்டப்படி, இத்தனை ஏக்கர் எடுத்துக்கொள்ளலாம் என்னும் வாரண்ட் முதலில் வரும். எந்த ஓடைக்கரையில் எடுக்கிறோம் என்று சர்வேயரின் புத்தகத்தில் எழுதிவைப்பது அடுத்தது. பிறகு சங்கிலி பிடித்து அளந்த சர்வே. அதன் பின்னரே ஆளுநரின் கையொப்பத்துடன் பட்டா. பட்டா வருவதற்கு முன் எந்தப் படியிலும், நம் ஊரில் புரோநோட்டை மேடோவர் செய்வதுபோல, உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். கட்டணம் கட்ட வழியில்லாத பலர் அப்படித்தான் கைமாற்றினார்கள். ஆகவே நிலத்தை உழுதவர் ஒருவராகவும் பட்டா பெற்றவர் வேறொருவராகவும் இருப்பது மிகவும் சாதாரணம்.

1778க்கு முன்பே குடியேறியவர்களுக்கு 400 ஏக்கருக்கான சான்றிதழும், அதை ஒட்டி 1,000 ஏக்கர் வாங்கும் முன்னுரிமையும் தரப்பட்டன. அதற்காக 1779–80 குளிர்காலத்தில் ஹாரட்ஸ்பர்க், பூன்ஸ்பரோ முதலிய இடங்களில் அமர்ந்து விசாரித்த நில ஆணையத்தின் பதிவுகளை முதலில் பாருங்கள். அடுத்து, 1792 முதலான வரிப் பட்டியல்களைப் பாருங்கள். அவற்றில் வரி கட்டுபவரின் பெயரோடு, அந்த நிலம் யார் பெயரில் பதிவாகி, யார் பெயரில் அளக்கப்பட்டு, யார் பெயரில் பட்டாவானது என்பதற்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு. உங்கள் முன்னோரின் பெயர் உள்ள வரிசையிலேயே அந்த வேற்றுப் பெயர் கிடைக்கக்கூடும். கென்டக்கியின் 1790, 1800 மக்கள்தொகைக் கணக்கேடுகள் இன்று இல்லை என்பதால், இந்த வரிப் பட்டியல்களைப் பொன்போல் போற்ற வேண்டும்.

கேள்வி: சர்வேயில் எல்லைகளாக மரங்கள்தான் குறிக்கப்பட்டுள்ளன. இதை வைத்து என்ன செய்வது?

பதில்: வரைந்து பாருங்கள். “ஓடைக்கரையிலுள்ள வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கிலிருந்து 40 பாகை கிழக்காக 160 போல் சென்று ஹிக்கரி மரம்” என்ற பாணியில்தான் அன்றைய செக்குபந்தி இருக்கும். ஒரு போல் என்பது பதினாறரை அடி. 160 போல் சரியாக அரை மைல். கோணமானியும் அளவுகோலும் கொண்டு ஒவ்வொரு கோட்டையும் தாளில் இழுத்து, அண்டை நிலங்களையும் அதே அளவில் வரைந்து வெட்டி ஒட்டினால், யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்பது புலப்படும். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், உங்கள் கணக்கு பிழை என்று உடனே அழித்துவிடாதீர்கள். அரசே முன்கூட்டி அளந்து கொடுக்காத பூமியில் ஒரே நிலத்தை இருவரும் மூவரும் கோரினார்கள். அந்த வில்லங்கத்தில்தான் வழக்குக் கட்டு பிறக்கிறது. சர்வேயின் அடியில் சங்கிலி பிடித்தவர்களின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் அண்டை வீட்டார், மைத்துனர், வளர்ந்த பிள்ளைகள்.

கேள்வி: எங்கள் முன்னோர் ஒரே இடத்தில் வாழ்ந்தவர். பதிவுகளோ பல கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகளில்) சிதறியுள்ளன.

பதில்: அவர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. 1776 இறுதியில் ஃபின்காசில் கவுண்டியிலிருந்து பிரிந்த கென்டக்கி கவுண்டி, 1780இல் ஜெஃபர்சன், ஃபேயட், லிங்கன் என்று மூன்றானது. பின்னர் அவையும் பலமுறை பிரிந்தன. பழைய புத்தகங்கள் பெரும்பாலும் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும் என்பதால், ஆண்டைப் பார்த்து அன்றைய நீதிமன்றம் எது என்று தேட வேண்டும்.

கேள்வி: என் மருமகளின் முன்னோர்மீது “ஜான் டோ” என்பவர் வழக்குப் போட்டிருக்கிறார். அந்த ஜான் டோவின் குடும்பத்தை எங்கே தேடலாம்?

பதில்: தேட வேண்டாம், அப்படி ஒருவர் இல்லை. நிலத்திலிருந்து வெளியேற்றும் வழக்கை, கற்பனையான குத்தகைதாரர் ஒருவரின் பெயரில் தொடுப்பது அன்றைய சட்ட வழக்கம். “டிமதி பீசபிள்” போன்ற பெயர்களும் இதே வகைதான். யார் கொடுத்த குத்தகையின் பேரில் வழக்கு என்று அடுத்து எழுதப்பட்டிருக்கும் பெயரே உண்மையான வாதி.

கேள்வி: 1815க்குப் பிறகு எங்கள் முன்னோர் கென்டக்கிப் பதிவுகளில் காணாமல் போகிறார். எங்கே போயிருப்பார்?

பதில்: ஆபிரகாம் லிங்கனின் தந்தை தாமஸ் லிங்கனின் தடத்தைப் பின்பற்றிப் பாருங்கள். 1786இல் செவ்விந்தியத் தாக்குதலில் தாமஸின் தந்தை இறந்தார். மூத்த மகனுக்கே நிலம் என்ற விதியை ஒழித்த வர்ஜீனியச் சட்டம் 1787 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் தாமஸின் மூத்த அண்ணன் மார்டெகாய்க்கே சொத்து போனது. தாமஸ் 238 ஏக்கர் என்று வாங்கிய மில் கிரீக் நிலத்தை, அளவைக் குறையால் 200 ஏக்கர் என்று விற்க நேர்ந்தது. நாப் கிரீக் நிலத்தின்மீது 1815இல் வெளியேற்ற வழக்கு வந்தது. 1816இல் அவர் குடும்பத்தோடு ஓஹையோ ஆற்றைக் கடந்து இண்டியானாவுக்குப் போனார். அங்கே நிலத்தைக் கூட்டாட்சி அரசே சதுரங்களாக அளந்து விற்றது. 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் ஏக்கர் 2 டாலர் வீதம் 160 ஏக்கருக்குத் தவணையில் பதிந்தார். 1827இல் பட்டா வந்தபோது அது 80 ஏக்கருக்கே. தவணை கட்ட முடியாமல் மறுபாதியை அரசிடமே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு மனிதர் வாங்கியது, இழந்தது, புறப்பட்டது, விட்டுக்கொடுத்தது எல்லாம் தனித்தனிக் காகிதங்களில் கிடக்கின்றன. உங்கள் முன்னோர் பிரதிவாதியாக நின்ற வழக்குகளை முதலில் தேடி, பிறகு ஆற்றுக்கு அப்பாலுள்ள நில அலுவலகங்களின் பதிவுகளுக்குச் செல்லுங்கள். தோற்றவர்களைப் பற்றித்தான் நீதிமன்றம் அதிகம் எழுதிவைத்திருக்கிறது.

கேள்வி: பாட்டிமார்களின் பெயரே கிடைப்பதில்லையே?

பதில்: கணவர் நிலத்தை விற்கும்போது, விதவையானால் மனைவிக்கு வாழ்நாள் வரை சேர வேண்டிய மூன்றில் ஒரு பங்கை அந்த மனைவியே விட்டுக்கொடுத்தாக வேண்டும். கணவரை அருகில் வைத்துக்கொள்ளாமல் தனியே விசாரித்து, சம்மதத்தை எழுதிக்கொள்வார்கள். கிரயப் பத்திரத்தின் இறுதியில் அந்தப் பெயர் இருக்கும். வாரிசு வழக்குகளில் மகள்கள் தம் கணவர்களோடு பெயர் பெயராக வருவார்கள். அங்கே “இன்ஃபன்ட்” என்றால் கைக்குழந்தை அன்று, 21 வயது நிரம்பாதவர். “ஆர்ஃபன்” என்றால் தந்தை இல்லாதவர், தாய் உயிரோடிருக்கலாம். சான்சரி நீதிமன்றக் கட்டு (சொத்து, வாரிசுரிமைத் தகராறுகளை நியாய நோக்கில் விசாரித்த நீதிமன்றத்தின் வழக்குக் கட்டு) கிடைத்தால், தீர்ப்போடு நின்றுவிடாமல் சாட்சிகளின் வாக்குமூலங்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். தமக்கு என்ன வயது, எந்த ஆண்டு எந்தக் கோட்டையில் யாரோடு தங்கியிருந்தோம், அந்த ஓடைக்கு எப்படிப் பெயர் வந்தது என்று முதியவர்கள் தம் வாயால் சொன்னதை எழுத்தர் அப்படியே எழுதியிருப்பார். எழுதத் தெரியாத உங்கள் பாட்டனார் இட்ட கைநாட்டுக் குறியையும் நீங்கள் அங்கேதான் பார்ப்பீர்கள். பத்திரப் புத்தகத்தில் இருப்பது எழுத்தர் பார்த்து எழுதிய நகல் மட்டுமே.