டீச்சரிடம் கேளுங்கள்: நன்றி என்று எழுதினால் அசடு வழியுமா?

தேர்வு முடிந்த பருவம். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதியவை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் இயற்பியல் சாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இருக்கிறது, டீச்சர். ரொம்பக் கண்டிப்பானவர், சிரித்தே பார்த்ததில்லை. நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தால் 'அறிவொளி ஏற்றிய தீபமே' என்றுதான் வருகிறது. படித்துவிட்டுச் சிரிப்பாரோ?

முதலில் அந்தத் தீபத்தை அணைத்துவிடுங்கள். தீபம், ஏணி, தோணி எல்லாம் மேடைப் பேச்சுக்குச் சரி.

நான் கணக்கு டீச்சராக இருந்தவள். பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகள் கொடுத்த வாழ்த்து அட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. 'அன்பும் அறிவும் ஊட்டிய ஆசிரியைக்கு' என்றுதான் முக்கால்வாசியிலும் இருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் பக்கத்து வகுப்பு வேதியியல் டீச்சருக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு கடிதத்தை மட்டும் பெட்டியில் போடாமல் தனியாக வைத்திருக்கிறேன். வடிவியல் கணக்கு ஒன்றைப் புத்தகத்தில் இல்லாத வழியில், இரண்டு பக்கம் சுற்றிப் போய்ப் போட்டிருந்த ஒரு பெண் எழுதியது. நான் ஓரத்தில் சிவப்பு மையில், 'இந்த வழியும் சரிதான். கொஞ்சம் சுற்று' என்று எழுதி முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேனாம். 'அதுவரை என்னைத் தப்பாகப் போடுகிறவள் என்றுதான் நினைத்திருந்தேன், டீச்சர். வேறு மாதிரி போடுகிறவள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது' என்று எழுதியிருந்தாள்.

எனக்கு அந்தக் கணக்கும் ஞாபகமில்லை, ஓரத்தில் எழுதியதும் ஞாபகமில்லை. தினமும் ஒரு கட்டு நோட்டு திருத்துகிறவளுக்கு எப்படி இருக்கும்? அதனால்தான் அந்தக் கடிதம் எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. நீங்கள் நல்ல ஆசிரியர் என்று அவரிடம் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. என்றைக்கு, எந்த இடத்தில், என்ன செய்தார் என்று சொல்லுங்கள். அது அவருக்கே தெரியாது.

சிரிப்பாரோ என்ற பயத்துக்கு ஆராய்ச்சியாளர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரை நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, வாங்குகிறவருக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னார்கள். அப்புறம் வாங்கியவர்களையும் கேட்டார்கள். எழுதியவர்கள் பயந்த அளவுக்கு வாங்கியவர்களுக்குச் சங்கடமாக இல்லை. அவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வாங்கியவர்கள் மகிழ்ந்திருக்கிறார்கள். எழுதுகிறவர் வார்த்தை சரியாக விழுந்ததா என்று தவிக்கிறார். படிக்கிறவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை, அதில் இருக்கும் அன்பைத்தான் பார்க்கிறார்.

சரி, எப்படி எழுதுவது? நீங்கள் யார், எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். உங்களை அவருக்கு அடையாளம் தெரியாமல் போகலாம், அது குற்றமில்லை. அப்புறம் அந்த ஒரு சம்பவம். உதாரணத்துக்குச் சொல்கிறேன்: 'தனி ஊசல் சோதனையில் எனக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு வந்தது. பக்கத்து மேஜைக்காரன் அளவைப் பார்த்து என்னுடையதைத் திருத்தப் போனேன். வந்ததை எழுது, ஏன் அப்படி வந்தது என்று அப்புறம் பார்ப்போம் என்றீர்கள். பார்த்தோம். இருபது அலைவு எண்ண வேண்டிய இடத்தில் நான் சில தடவை பத்தொன்பதுதான் எண்ணியிருந்தேன்.' இவ்வளவு போதும். இதன் கீழே, அதனால் உங்களுக்குள் என்ன மாறியது என்று ஒரு வரி, அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்று ஒரு வரி. முடித்துவிடுங்கள். அதே கடிதத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்காதீர்கள். வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள்.

கண்டிப்பான சாருக்கு எழுதுவது பற்றி இன்னொன்று. ஆல்பெர் காம்யுவுக்கு 1957-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த நவம்பர் 19-ஆம் தேதி, ஆரவாரம் கொஞ்சம் அடங்கியதும், தன் தொடக்கப் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மேனும் கண்டிப்பானவர்தான். காம்யு கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா முதல் உலகப் போரில் இறந்துவிட்டார். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, எழுதப் படிக்கவும் தெரியாது. பையனைச் சீக்கிரம் வேலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது பாட்டியின் கணக்கு. ஜெர்மேன் வீட்டுக்கே வந்து பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். காசு வாங்காமல் கூடுதலாகப் பாடம் நடத்தி உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்தார். செய்தி கேட்டதும் அம்மாவுக்கு அடுத்து உங்களைத்தான் நினைத்தேன் என்று காம்யு அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். நோபல் உரைகளை அச்சிட்டபோதும் ஜெர்மேனுக்கே காணிக்கையாக்கினார்.

காம்யுவுக்கு அப்போது 44 வயது. நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மதிப்பெண் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. அப்பாவும் அம்மாவும் எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். நன்றி சொல்லக்கூடத் தகுதி இல்லை என்று தோன்றுகிறது. இந்தக் கடனை எப்படி அடைப்பேன்?

கணக்கு டீச்சரிடம் கேட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். இது கணக்கே இல்லை. நன்றியையும் கடனையும் ஒரே நோட்டில் எழுதி வைத்திருப்பதுதான் உங்கள் பாரம். கடன் பட்டவர் கொடுத்தவரைக் கண்டால் வேறு தெருவில் போவார். நன்றி உள்ளவருக்குக் கிட்டப் போய் உட்காரத் தோன்றும். நீங்கள் இப்போது வீட்டில் அவர்கள் கண்ணில் படாமல் அறைக்குள் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சரிதானே?

இது என் ஊகம் மட்டுமில்லை. ஃபிலிப் வாட்கின்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உதவி செய்தவர் பதிலுக்கு எதிர்பார்க்கிறார் என்ற நினைப்பு கூடக் கூட, வாங்கியவருக்குக் கடன்பட்ட உணர்வு கூடியது, நன்றியுணர்வு குறைந்தது.

மதிப்பெண் பட்டியலை மறைக்காமல் இருவரிடமும் காட்டி, எந்தப் பாடத்தில் எங்கே சறுக்கியது என்று வெளிப்படையாகப் பேசுங்கள். மறுகூட்டலோ மறுதேர்வோ வேறு படிப்போ, எதுவாக இருந்தாலும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நன்றியை அதோடு முடிச்சுப் போடாதீர்கள். நீங்கள் படிக்கிற நேரத்தில் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வைத்தது யார், விடியற்காலையில் எழுப்பிவிட்டது யார்? அந்த ஒன்றை மட்டும் சொல்லி, 'அது எனக்கு உதவியாக இருந்தது' என்றால் போதும். குறைந்த மதிப்பெண்காரர் சொன்னாலும் அது நன்றிதான்.

கேள்வி: என் மகன் பள்ளி முடித்துவிட்டான். இத்தனை வருஷம் ஓடி ஓடிச் செய்தோம். ஒரு வார்த்தை நன்றி வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றியுணர்ச்சியே இல்லையா?

மேலே உள்ள பதிலை இன்னொரு தடவை படியுங்கள் ஐயா, அது உங்களுக்கும் சேர்த்துத்தான். நீங்கள் அவனுக்கு எப்போதாவது நன்றி சொல்லியிருக்கிறீர்களா? கடைக்குப் போய் வந்ததற்கு, தங்கையைப் பள்ளியில் விட்டதற்கு? அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு ஊருக்குப் படிக்கப் போகிறோம். இந்த நட்பு நிலைக்குமா, டீச்சர்?

எல்லாமே நிலைக்காது. பொய் சொல்ல மாட்டேன். நட்புக்குச் சாப்பாடு என்பது சேர்ந்து செலவிடும் நேரம்தான். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018-இல் இதையே மணிக்கணக்காகக் கணக்கிட்டுப் பார்த்தார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். பள்ளிக்கூடம் இந்த நேரத்தை உங்களிடம் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, தினமும் ஆறேழு மணி நேரம். இனிமேல் நீங்களாக ஒதுக்கினால்தான் உண்டு.

ஐம்பது பேர் உள்ள வாட்ஸப் குழுவை நம்பாதீர்கள். அதில் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர எதுவும் நடக்காது. இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். காரணம் இல்லாமல் போன் செய்யுங்கள். புது இடத்தில் அவர்களுக்குப் புது நண்பர்கள் கிடைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் கிடைப்பார்கள்.

கேள்வி: எல்லோரும் 'அடுத்து என்ன' என்று கேட்கிறார்கள். எனக்கு இன்னும் தெளிவில்லை. இப்போது எடுக்கும் முடிவு தப்பாகிவிட்டால் வாழ்க்கையே போய்விடுமா?

போகாது. ஜோர்டி குவாய்ட்பாக், டேனியல் கில்பர்ட், டிமோதி வில்சன் மூவரும் 2013-இல் 18 முதல் 68 வயதுவரை உள்ள 19,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடந்த பத்து வருஷத்தில் நிறைய மாறிவிட்டோம், இனி அவ்வளவு மாறமாட்டோம் என்றே எல்லா வயதினரும் நினைத்தார்கள். இருபது வயதிலும் அப்படித்தான், ஐம்பதிலும் அப்படித்தான். உங்களுக்கு இருபத்தேழு வயதாகும்போது இருக்கப் போகிற ஆளை உங்களுக்கு இன்னும் தெரியாது. அந்த ஆளுக்கும் சேர்த்து இன்றைக்கே முடிவெடுக்க முயல்வதால்தான் மூச்சு முட்டுகிறது.

அடுத்த இரண்டு மூன்று வருஷத்துக்கு மட்டும் யோசியுங்கள். கதவுகளை அதிகம் மூடாத படிப்பாகப் பாருங்கள். அந்தத் துறையில் ஏற்கெனவே இருக்கிற ஒருவரிடம், 'உங்கள் வேலையில் அலுப்பான பகுதி எது?' என்று கேளுங்கள். அந்த அலுப்பு உங்களுக்குத் தாங்கும் என்று தோன்றினால் தைரியமாகச் சேரலாம். நல்ல பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்களே!

கேள்வி: பழைய நோட்டுகளை என்ன செய்வது? எடைக்குப் போடச் சொல்கிறார் அம்மா. மனசு வரவில்லை.

பாடத்துக்கு ஒன்று என்று நிறுத்தி வைக்காதீர்கள், வீடு தாங்காது. மிகவும் அடித்துத் திருத்திய நோட்டு ஒன்றை மட்டும் எடுத்து வையுங்கள். மற்றதில் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்தால் அடுத்த வருஷக் கணக்குக்கு ரஃப் நோட்டு ஆயிற்று. புத்தகங்கள் நல்ல நிலையில் இருந்தால் அடுத்த வகுப்புக்கு வருகிறவர்களிடம் கொடுங்கள்.

எடைக்குப் போடும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இரண்டிலும் உங்கள் பெயரின் எழுத்து, தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். தப்பு இருந்தால் பள்ளி அலுவலகத்தில் இப்போதே மனு எழுதிக் கொடுங்கள், வருஷம் கடந்தால் அலைச்சல் இரட்டிப்பாகும். நகல் எடுத்து, ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, அப்புறம் அம்மா சொன்னபடி செய்யுங்கள்.