ஓடத் தொடங்கிய முதல் ஒன்பது கிழமை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

திருகோணமலை டச் பே கடற்கரையில் விடிய ஓட வருகிறவர்களில் பலர் இப்போது புதியவர்கள். அநேகமாக எல்லாரும் பிடித்திருப்பது அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் 1996இல் எழுதிய ‘கவுச் டு ஃபைவ் கே’ (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) திட்டத்தைத்தான். 9 கிழமை, கிழமைக்கு 3 நாள், கடைசியில் நிற்காமல் 30 நிமிட ஓட்டம். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

உவர்மலை, 34 வயது: அக்கா, முதல் கிழமை 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. எட்டுச் சுற்றில் நாலாவதுக்கே நாக்குத் தள்ளுது. என் உடம்புக்கு ஓட்டம் சரிவராதா?

உடம்பில் ஒரு பிழையும் இல்லை தம்பி, வேகம்தான் கூடிப்போச்சு. 60 விநாடிதானே என்றதும் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடியது போலப் பாய்கிறோம். அடுத்த தரம் ஓடும்போது ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சு முட்டாமல் ஒரு வரி முழுதாக வந்தால் அதுதான் உங்கள் வேகம். போன மாதம் ஒரு தங்கச்சியோடு ஓடினேன். “ஏழைந்து...” என்றவருக்கு அதற்கு மேல் வரவில்லை. வேகத்தைக் குறைத்தோம், இன்னும் குறைத்தோம். கைத்தடியோடு நடக்க வந்த தாத்தா ஒருவர் எங்களுக்குச் சமமாக வரும் அளவுக்குக் குறைத்தோம். அன்றைக்கு அந்தத் தங்கச்சி எட்டுச் சுற்றையும் முடித்தார். முதல் நாள் மூன்றிலேயே நின்றவர் அவர். நடையைவிட வேகம் கூட இல்லையே என்று வெட்கப்பட வேண்டாம். இரண்டு காலும் ஒரு கணம் நிலத்தை விட்டு எழும்பினால் அது ஓட்டம்தான்.

சாம்பல்தீவு: என் கைக்கடிகாரம் இதயத்துடிப்பு 170 என்று காட்டுது. வயது 38. பயப்பட வேணுமா?

இதயம் ஆகக் கூடியது எத்தனை தரம் துடிக்கும் என்று பார்க்க 220இல் வயதைக் கழிக்கிற கணக்கு ஒரு சராசரி மட்டுமே. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடும், குறையும். மணிக்கட்டில் கட்டுகிற கருவி சில வேளை காலடி எண்ணிக்கையைத் துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். ஓடுகிறவரின் காலடி நிமிடத்துக்கு 160, 170 என்று வருவது வழக்கம், அதனால் உங்கள் எண்ணில் எனக்கு அந்தச் சந்தேகமும் உண்டு. தொடக்கத்தில் கடிகாரத்தை விட்டுவிட்டு வாய்ப்பாட்டை நம்புங்கள். பிரஷருக்கு பீட்டா புளொக்கர் குளிசை எடுக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அந்தக் குளிசை துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும். ஆனால் நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நின்று, டொக்டரைக் கண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

பாலையூற்று: விடிய ஓடினால் முடியுது. பின்னேரம் அதே தூரம் ஓடினால் பாதியில் நிற்கிறேன்.

வெயில் தம்பி. சூட்டில் உடம்பு தன்னைக் குளிர வைக்க இரத்தத்தைத் தோலுக்கும் அனுப்ப வேண்டும், தசைக்கும் அனுப்ப வேண்டும். அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூட வேலை செய்யும். கச்சான் வீசுகிற மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. ஐந்தரைக்குத் தொடங்கினால் சூரியன் கடலுக்கு மேலே ஏறுகிற நேரம் வீட்டுக்குத் திரும்பலாம். பின்னேரம்தான் முடியுமென்றால் ஒவ்வொரு நடைக்கும் இன்னொரு நிமிடம் கூட்டுங்கள்.

உப்புவெளி: மணலில் வெறுங்காலோடு ஓடலாமா?

இப்போது வேண்டாம். பொலபொலவென்ற மணல் கெண்டைக்காலையும் குதிகால் தசைநாணையும் இழுக்கும், ஈர மணல் ஒரு பக்கம் சரிந்திருக்கும். நடைச் சுற்றுக்கு மட்டும் மணலில் இறங்குங்கள்.

தம்பலகாமம்: மூச்சு நல்லா வருது, ஆனால் நாலாம் கிழமையில் முன்னங்கால் எலும்பின் உட்பக்கம் நோகுது.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். 41 வயதில் தொடங்கினேன். மூன்றாம் கிழமையே மூச்சு இலகுவாகிவிட்டது, அந்தச் சந்தோசத்தில் நாலு நாள் தொடர்ந்து ஓடினேன். பிறகு படி இறங்கவே காலைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது, மூன்று கிழமை ஓட்டமே இல்லை. மூச்சும் தசையும் சில கிழமைகளில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கு வேண்டும். ஓய்வு நாள் அவற்றுக்காகத்தான் வைத்தது, அதைத் தின்னாதீர்கள். இப்போது ஓட்டத்தை நிறுத்தி, நோ போகும் வரை நடை மட்டும். திரும்பத் தொடங்கும்போது இரண்டு கிழமை பின்னால் போய், காலடியைச் சிறிதாக வைத்து ஓடுங்கள். ஒரே இடத்தில் விரலால் அமத்தினால் உயிர் போகிற மாதிரி நொந்தால் எலும்பில் வெடிப்பு இருக்கலாம், காட்டுங்கள்.

கிண்ணியா: நோன்பு தொடங்கப் போகுது. விட்டுவிடவா?

விட வேண்டாம், ஏறவும் வேண்டாம். இருக்கிற கிழமையிலேயே நின்று, நோன்பு திறந்து ஒரு மணித்தியாலம் கழித்துக் கிழமைக்கு இரண்டு நாள் ஓடுங்கள். பெருநாளுக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து போகலாம்.

உட்துறைமுக வீதிப் பக்கம்: ஐந்தாம் கிழமை 8 நிமிடம் இரண்டு தரம் ஓடினேன். அடுத்த நாள் ஒரேயடியாக 20 நிமிடமாம்!

எல்லாரும் பயப்படுகிற நாள் அது. முதல் ஐந்து நிமிடத்தை அலுப்புத் தட்டும் அளவுக்கு மெதுவாக ஓடுங்கள். 12ஆம் நிமிடத்தில் தெரிகிற களைப்பு, முதல் 3 நிமிடத்தில் நீங்கள் செலவழித்ததுதான். சமதரையாக உங்கள் வீதியிலேயே ஓடுங்கள், அன்றைக்குக் கோணேசர் கோவில் ஏற்றம் வேண்டாம். மான்களைப் பார்க்கக் கோட்டைக்குள் நடந்து போக வேறு நாள் இருக்கிறது. முடியாவிட்டால் அந்தக் கிழமையை இன்னொரு தரம் செய்யுங்கள்.

நிலாவெளி: 9 கிழமை முடிஞ்சுது அக்கா. 30 நிமிடம் ஓடுறேன், ஆனால் 5 கிலோமீட்டர் வரவில்லை, 3.75தான்.

கிலோமீட்டருக்கு 8 நிமிடம். அருமையான வேகம் தங்கச்சி, கூட்ட வேண்டாம். மூன்று கிழமை அதே 30 நிமிடத்தை ஓடுங்கள். பிறகு கிழமைக்கு ஒரு நாள் மட்டும் 5 நிமிடம் கூட்டினால், 40 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் தானாக வந்துவிடும். அந்த நாள் எப்போது என்று சொல்லுங்கள், நானும் கூட ஓட வருகிறேன்.