அது நிராகரிப்பு இல்லை, தம்பி

இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் வாரமே உங்கள் விண்ணப்பம் ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி குளோஸ்ட்’ என்று கடிதம் வந்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம், எப்படி உச்சரிப்பது, மேனேஜீரியலி என்பதும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். உச்சரிப்பை விடுங்கள் தம்பி, நாலு தடவை காதில் விழுந்தால் தானாக வரும்.

உங்களை நிராகரித்துவிட்டதாக அந்தச் சொல் சொல்லவில்லை. அலுவலக நடைமுறைக்காகக் கோப்பை மூடிவைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறது. அகராதியில் ‘நிர்வாக ரீதியாக’ என்று பார்த்திருப்பீர்கள், அங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். தமிழில் ‘நிர்வாகக் காரணங்களுக்காக இடமாற்றம்’ என்று படித்தாலே யாருக்கோ தண்டனை என்று தோன்றும். ஆங்கிலச் சொல்லில் அந்த வாடை கிடையாது. பெரும்பாலும் ஒரு தாள் குறைந்திருக்கும், கெடு தாண்டியிருக்கும், ஒரே விண்ணப்பம் இரண்டு முறை பதிவாகியிருக்கும். உங்கள் தகுதியை எடைபோடும் கட்டத்துக்கே அவர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

நெட்வொர்க் வேலை என்கிறீர்கள், உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். சிஸ்கோ ரவுட்டரில் ஒரு போர்ட் ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்’ என்று காட்டினால் கேபிள் அறுந்துவிட்டது என்றா நினைப்பீர்கள்? ‘ஷட்டவுன்’ என்று கட்டளை கொடுத்து அணைத்து வைத்திருக்கிறார்கள், ‘நோ ஷட்டவுன்’ கொடுத்துத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அதே சொல்தான் இது.

ஆனால் மூடிய கோப்பு தானாகத் திறக்காது. யார் மூடினார்கள், ஏன் மூடினார்கள் என்பதைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்க இந்தச் சொல் வசதியானது, அதுதான் எனக்கு இதன்மேல் கோபம். இன்றைக்கே எழுதிக் கேளுங்கள்: எது குறைகிறது, எந்தத் தேதிக்குள் வேண்டும், பழைய கோப்பையே திறப்பீர்களா, புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா. பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பல வருடமாக இங்கே இருக்கும் நம்மவர்கள் சிலர் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா இரு’ என்பார்கள். கடிதத்தைப் படிக்காமலே சொல்லும் பதில் அது, நம்பாதீர்கள்.

மேனேஜீரியலி வேறு. முடிவெடுப்பது, ஆட்களை நடத்துவது பற்றியது, பேச்சில் அதிகம் வராது. அலுவலகத்தில் ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி இவருக்குக் கீழ்’ என்றால் பெரும்பாலும் விடுப்பு, பதிவேடு எல்லாம் அவர் கையில். அன்றாட வேலையை வேறொருவர் சொல்லலாம். அப்புறம், ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் லீவ்’ என்றால் மட்டும் உஷாராக இருங்கள். விசாரணை நடக்கும்போதும் அப்படி அனுப்புவார்கள்.

எனக்கும் இதே சொல்லோடு ஒரு கடிதம் வந்தது, படிப்புச் சான்றிதழை மதிப்பிடக் கொடுத்திருந்த இடத்திலிருந்து. எல்லாம் போச்சு என்று முடிவுகட்டி, வீட்டில் சொல்லாமல் ஒரு கிடங்கில் இரவு வேலைக்குப் போனேன். ஐந்து மாதம் பெட்டி தூக்கினேன். உடன் வேலை பார்த்த அம்மா ஒருவர், அவரும் வேறு நாட்டிலிருந்து வந்தவர், ஒரு நாள் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினார். மதிப்பெண் பட்டியலின் ஒரு பக்க நகல் இல்லை, அனுப்பினால் தொடர்கிறோம் என்று பின்பக்கத்தில் இருந்தது. உங்கள் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா தம்பி?