அக்லோனிமா இலைப் புள்ளி: பூஞ்சைக்கொல்லி ஏன் கேட்கவில்லை

வீட்டில் அழகுக்கு வளர்க்கிற இலைச்செடியான அக்லோனிமாவுக்கு தினமும் இலைமேல் தண்ணீர் தெளிக்கிறேன், பூஞ்சைக்கொல்லி அடித்தும் மஞ்சள் வளையத்தோடு பழுப்புப் புள்ளி பரவுகிறது என்கிறீர்கள். எனக்கென்னவோ இது பூஞ்சை மாதிரி தெரியவில்லை, பாக்டீரியாவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். புள்ளியின் ஓரம் எண்ணெய் பட்ட காகிதம் போல ஈரப்பசையாக, ஒளி ஊடுருவுகிற மாதிரி இருந்து, நரம்பில் முட்டி நின்று கோணலாகத் தெரிந்தால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. பூஞ்சை என்றால் பெரும்பாலும் வளையத்துக்குள் வளையமாகக் காய்ந்திருக்கும், நடுவில் பொடிக் கரும்புள்ளிகளும் இருக்கலாம்.

பாக்டீரியாவுக்குக் கார்பென்டாசிம் மாதிரியான பூஞ்சைக்கொல்லிகள் வேலை செய்யாது. முதலில் இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள், அதுதான் நோயை இலைக்கு இலை கொண்டுபோகிறது. புள்ளி விழுந்த இலைகளைக் காம்போடு வெட்டிக் குப்பையில் போடுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை 70% ஆல்கஹாலில் துடையுங்கள் (சலிப்பான வேலைதான், ஆனால் விடாதீர்கள்). தண்ணீரை மண்ணில் மட்டும் ஊற்றுங்கள், தொட்டிகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், காற்று போகட்டும். அப்புறம், வேண்டுமானால் காப்பர் (செம்பு) கலந்த மருந்து அடிக்கலாம். அது புது இலைகளைக் காக்கும், விழுந்த புள்ளியை ஆற்றாது. தண்டு கொழகொழவென்று அழுகி நாறினால் மட்டும் செடியை மண்ணோடு அப்புறப்படுத்திவிடுங்கள்.