வக்கீல் பதில்கள்: பழைய நம்பரா, புது நம்பரா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செக்‌ஷன் நம்பர் பற்றியவைதான். புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகு என் மேசையிலும் ஒப்பீட்டு அட்டவணை ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. டீக்கறை படிந்து, ஓரம் கிழிந்து போயிருக்கிறது. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

2024 ஜூன் கடைசியில் நடந்த அடிதடி. புகாரை வாங்காமல் இழுத்தடித்து ஆகஸ்டில்தான் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அதில் என் கட்சிக்காரர் மேல் பி.என்.எஸ். (புதுத் தண்டனைச் சட்டம்) பிரிவுகள் இருக்கின்றன. செல்லுமா?
*மேலூரிலிருந்து ஓர் இளம் வக்கீல்*

தம்பி, எஃப்.ஐ.ஆர். தேதியை அப்புறம் பார்க்கலாம். முதலில் சம்பவத் தேதியைப் பாருங்கள். புதுச் சட்டங்கள் 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தன. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பதைச் சம்பவம் நடந்த அன்று இருந்த சட்டம்தான் சொல்ல வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 20(1) அப்படித்தான் சொல்கிறது. ஆகவே உங்கள் கட்சிக்காரருக்குப் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.தான். ஆனால் புலனாய்வு ஆகஸ்டில் தொடங்கியதால், வழக்கை நடத்தும் நடைமுறைக்கு சி.ஆர்.பி.சி.யின் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகளுக்கு மட்டும்தான் அதன் 531-ம் பிரிவு பழைய சி.ஆர்.பி.சி.யைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒரே கேஸ் கட்டுக்குள் இரண்டு சட்டம். இன்னும் பல வருஷத்துக்கு இப்படித்தான் ஓடும்.

தப்பான பிரிவு போட்டதற்காக எஃப்.ஐ.ஆர். செத்துப்போகாது. இதற்காக ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளைக்கு ஓடி, வழக்கையே ரத்து செய்யச் சொல்லி குவாஷ் போடாதீர்கள். ஆல்டரேஷன் ரிப்போர்ட் போட்டுப் பிரிவை மாற்றச் சொல்லி முதலில் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். அதேசமயம் 'எல்லாம் ஒன்றுதானே' என்று சும்மாவும் விட்டுவிடாதீர்கள். சாதாரணக் காயத்துக்கு ஐ.பி.சி. 323-ல் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை, பி.என்.எஸ். 115(2)-ல் பத்தாயிரம் வரை. வித்தியாசத்தைக் கட்டப்போவது உங்கள் கட்சிக்காரர்.

நம்பர் குழப்பத்தில் நானே வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. முப்பது வருஷமாக 482 என்றால் குவாஷ் என்று கை எழுதிப் பழகியிருக்கிறது. 2024 கடைசியில் ஒரு குவாஷ் மனுவில் சட்டத்தின் பெயரை மட்டும் கவனமாக பி.என்.எஸ்.எஸ். என்று மாற்றிவிட்டு, நம்பரை 482 என்றே விட்டுவிட்டோம். புதுச் சட்டத்தில் 482 முன்ஜாமீன். குவாஷ் 528-க்குப் போய்விட்டது. மனு ரிட்டர்ன் ஆகி வந்தது. கமுதியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த கட்சிக்காரர், "என்ன சார், முன்ஜாமீனா கேட்டோம்?" என்றார். டைப் அடித்த ஜூனியரைத் திட்ட முடியவில்லை. கையெழுத்து என்னுடையது.

144-ம் அப்படித்தான். ஊரில் எல்லோரும் '144 போட்டுட்டாங்க' என்றால் கூட்டம் கூடக்கூடாது என்றுதான் அர்த்தம். புதுச் சட்டத்தில் அது 163. இப்போதைய 144, பழைய 125 ஜீவனாம்சம். கொலைக்கு 302 போய் 103 வந்துவிட்டது. புது 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கு. 420-ஐத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது, பி.என்.எஸ். 358-லேயே முடிந்துவிடுகிறது. மோசடி இப்போது 318(4). ஆனால் ஊர்ச் சண்டையில் யாரும் 'போடா முன்னூத்திப் பதினெட்டு சப்-செக்‌ஷன் நாலு' என்று திட்டப்போவதில்லை.

கடை வாசலில் நடந்த தகராறு பக்கத்துக் கடை கேமராவில் பதிவாகியிருக்கிறது. பென் டிரைவில் வாங்கி வைத்திருக்கிறோம். தாக்கல் செய்தால் போதுமா?
*உசிலம்பட்டி வாசகர்*

போதாது ஐயா. கூடவே, அந்தப் பதிவு எதிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி, இப்போது புதுச் சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வில் 63. அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது, இரண்டு பகுதியாக. 'ஏ' பகுதியைப் பதிவைத் தருகிறவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். 'பி' பகுதியை நிபுணர். அந்த நிபுணர் யார் என்று 63-ம் பிரிவில் விளக்கம் கிடையாது. கீழ்க்கோர்ட்டுகளில் தினமும் ஓடுகிற வாக்குவாதமே அதுதான்.

கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடைக்காரரிடம் இப்படி ஒரு பதிவு வாங்கப் போயிருந்தேன். மனிதர் நல்லவர், டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார். படிவத்தை நீட்டியதும், "கையெழுத்துப் போட்டா கோர்ட்டுக்கு வரணுமா சார்?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பேசிச் சம்மதிக்க வைப்பதற்குள் மூன்று நாள் ஓடியது. அவருடைய டி.வி.ஆர். பெட்டியோ பத்து நாளைக்கு ஒருமுறை பழைய பதிவின் மேலேயே புதுசைப் பதிந்துகொள்ளும் ரகம். நாங்கள் பதிவை எடுத்தது எட்டாம் நாள். அதிலும் கேமரா கடிகாரம் பதினேழு நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் படிவத்தோடு தனியாக எழுதி வாங்கிக்கொண்டேன். இல்லையென்றால் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அந்தப் பதினேழு நிமிஷத்தில் குடித்தனமே நடத்தியிருப்பார்கள்.

இன்னொன்று. படிவத்தில் ஹாஷ் நம்பர் கேட்கிறார்கள். கோப்பின் கைரேகை மாதிரி அது; எஸ்.எச்.ஏ. 256 முறையில் எடுத்தால் எழுத்தும் எண்ணுமாக 64 வரும். அப்படியே காப்பி எடுத்தால் மாறாது. ஒரு நொடியை வெட்டினால் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், அப்போதும் மாறிவிடும். ஆகவே 'அனுப்பிவிடுங்கள் சார், பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லாதீர்கள். நேரில் போய் பென் டிரைவில் எடுங்கள்.

கடைக்காரர் கடைசிவரை மறுத்தாலும் வழி இருக்கிறது. 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில், சான்றிதழ் கட்டாயம் என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம், தர மறுப்பவரிடமிருந்து வாங்கித்தரக் கோர்ட்டிலேயே மனுப் போடலாம் என்றும் சொல்லியிருக்கிறது.

செக் கேஸ் போடும்போது, பி.என்.எஸ்.எஸ். 223-ன்படி எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) முன்கூட்டியே கூப்பிட்டுக் கேட்க வேண்டுமா?
*திருமங்கலம் வக்கீல்*

வேண்டாம். 2025 செப்டம்பரில் சஞ்சாபிஜ் தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. மற்றபடி பழைய கணக்குத்தான்: செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அவர் பணம் கட்ட 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் கேஸ். நாளை எண்ணும் வேலையைக் குமாஸ்தாவிடம் மட்டும் விடாதீர்கள்.

என் தம்பியை ராத்திரி அழைத்துப் போனார்கள். ஏன் என்று கேட்டதற்கு 'ரிமாண்டில் தெரியும்' என்றார்களாம். இப்படிச் சொல்லலாமா?
*மதுரை வாசகி*

சொல்லக்கூடாதம்மா. கைதுக்கான காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அரசமைப்பு 22(1), பி.என்.எஸ்.எஸ். 47 இரண்டும் அதைத்தான் சொல்கின்றன. வீட்டாருக்குத் தகவல் தருவது 48. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. எந்தக் குற்றமானாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். உடனே முடியாத சூழ்நிலையில் வாயால் சொல்லலாம். ஆனாலும் மாஜிஸ்திரேட் முன் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்து கையில் இருக்க வேண்டும்.

ஜூனியர்கள் இதை வாசித்தால் ஒரு வார்த்தை. 'தலைமறைவாகிவிடுவார், சாட்சியைக் கலைப்பார்' என்று எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி அச்சடித்த வரிகள் இந்தக் காரணம் ஆகாது. இந்த ஆள் என்ன செய்தார் என்பது அதில் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி, சொன்னதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் நடக்கிற ரிமாண்டு ஆனாலும் சரி. அன்று சொல்லாமல் விட்டால், ஜாமீன் மனுவில் எழுதும்போது 'அப்போது ஏன் சொல்லவில்லை' என்றுதான் முதல் கேள்வி வரும்.

அம்மா, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தம்பியை எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள், எந்த வண்டி, யார் பார்த்தது என்பதை ஒரு தாளில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.

வக்கீலாகப் பதிவு செய்ய எவ்வளவு ஆகும்? ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள்.
*சட்டக் கல்லூரி மாணவி, மதுரை*

பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125. அதற்கு மேல் பார் கவுன்சில் கேட்கக்கூடாது என்று 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. முத்திரைத் தீர்வை தனி. அதற்கு முன்பு அதிகம் கட்டிய சீனியர்களுக்குப் பணம் திரும்பாது, கேட்காதீர்கள். கறுப்புக் கோட்டுத் தையல் கூலியைக் குறைத்து மட்டும் இதுவரை எந்தத் தீர்ப்பும் வரவில்லை.