மகள் 'தொழில்நுட்பமும் சர்வதேச வளர்ச்சியும்' படிக்கப் போகிறாளாம்: அது என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

கணினிப் பொறியியல் முடிக்கப்போகும் மகள், கையில் வேலை வாய்ப்பை வைத்துக்கொண்டு, 'சர்வதேச வளர்ச்சியில் தொழில்நுட்பம்: அரசியலும் அறமும்' என்று முதுகலை படிக்க வேண்டும் என்கிறார். இது படிப்பா, தொண்டா, அரசியலா என்று கேட்டிருக்கிறீர்கள். முடித்தால் யார் வேலை தருவார்கள் என்பது உங்கள் அடுத்த கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் இரண்டாவதைப் பற்றிப் பேச முடியும். கொஞ்சம் பொறுங்கள், சம்பளத்துக்கும் வந்துவிடுகிறேன்.

ஏழை நாட்டுக்கு ஒரு நல்ல கருவியைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் அரசியல் எங்கே வந்தது என்பதுதான் உங்கள் சந்தேகம் என்று நினைக்கிறேன். வங்கதேசத்தின் குழாய்க் கிணறுகளைப் பாருங்கள். 1970களில் அங்கே குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்துகொண்டிருந்தார்கள். யூனிசெஃபும் அரசும் சேர்ந்து குழாய்க் கிணறுகள் போட ஆரம்பித்தன. மலிவான கருவி, கிருமியில்லாத தண்ணீர். பிறகு மக்களே சொந்தச் செலவில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். வளர்ச்சித் துறையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வெற்றிகளில் ஒன்றாக அது இருந்தது. 1993இல் அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பது உறுதியானது. நிலத்தடிப் படிவுகளில் இயற்கையாகவே கிடந்த நஞ்சு அது. கிணறு போட்ட காலத்தில் நீரைச் சோதிக்கும் வழக்கமான பட்டியலில் ஆர்சனிக் இல்லை. அன்றைய 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் இருப்பதாக 2000இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை மதிப்பிட்டது. ஒரு மக்கள்தொகைக்கு நேர்ந்த நஞ்சேற்றங்களில் வரலாற்றிலேயே பெரியது இதுதான் என்றும் அது சொன்னது.

இதில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை என்பதைக் கவனியுங்கள். பம்பு நன்றாகத்தான் வேலை செய்தது. வயிற்றுப்போக்கிலிருந்து தப்பித்த குழந்தைகளும் உண்மைதான். அப்படியானால் யாரைப் போய்க் கேட்பது?

பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் 1992இல் வங்கதேசத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரை ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தது. ஆர்சனிக்கைச் சோதிக்கவில்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் இங்கிலாந்தில் வழக்குப் போட்டார். அது அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 2006இல் தள்ளுபடியானது. அறிக்கை எழுதியவர்களுக்கும் அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கும் இடையே சட்டம் எதிர்பார்க்கும் அளவுக்கு நெருங்கிய தொடர்பு இல்லை, ஆகவே அவர்பால் கடமையும் இல்லை என்பது தீர்ப்பு. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். நன்கொடை நாடு தன் நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்கிறது. ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்தவருக்கு அறிக்கை கொடுக்கிறது. ஒப்பந்தக்காரர் எத்தனை கிணறு போட்டோம் என்று எண்ணிக் காட்டுகிறார். குடத்தோடு நிற்கிறவருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் யாரையும் காணோம். உங்கள் மகள் படிக்க விரும்பும் படிப்பில் அரசியல் என்று சொல்வது இந்தக் காலி இடத்தைப் பற்றித்தான். கட்சி, கொடி, தேர்தல் எதுவும் இதில் இல்லை.

கதை அதோடு முடியவும் இல்லை. பிறகு சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பும் பாதுகாப்பானதற்குப் பச்சையும் அடித்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பச்சைக் கிணறு பக்கத்து வீட்டு முற்றத்தில் இருந்தால், அங்கே தினமும் போய்த் தண்ணீர் எடுக்க அந்த வீட்டார் விடுவார்களா என்பதற்கு வேதியியலில் பதில் கிடையாது. திட்டம் போடும் மேசையில் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள்.

சரி, கிணறு பழைய கதை. கணினி படித்தவருக்கு நேராகத் தொடர்புள்ளதைச் சொல்கிறேன். மியான்மரிலிருந்து தப்பி வங்கதேச முகாம்களுக்கு வந்த ரோஹிங்கியா அகதிகளிடம் ஐ.நா. அகதிகள் முகமையும் வங்கதேச அரசும் சேர்ந்து கைரேகை, புகைப்படம், குடும்ப விவரம் எல்லாம் பதிவுசெய்து அடையாள அட்டை கொடுத்தன. உதவிப் பொருள் வாங்க அந்த அட்டை தேவை. பிறகு வங்கதேசம் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை மியான்மரிடமே கொடுத்தது. திருப்பி அனுப்புவதற்கு முன் சரிபார்க்க என்று காரணம் சொல்லப்பட்டது. எந்த அரசிடமிருந்து ஓடி வந்தார்களோ அதே அரசு! ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021 ஜூனில் இதை வெளிக்கொண்டுவந்தது. விவரம் பகிரப்படும் என்று தங்களிடம் யாரும் சொல்லவில்லை என்றார்கள் பேட்டி கண்ட அகதிகளில் பெரும்பாலோர். ஒப்புதல் கேட்டுத்தான் வாங்கினோம் என்றது முகமை. உணவுக்கான வரிசையில் நிற்கிறவர் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தாரா? நான் அகதி முகமையின் பதிலை ஏற்கவில்லை. ஆனால் இதை வைத்து 'கைரேகையே வேண்டாம்' என்று முடிவுகட்டவும் முடியாது.

ஏமனில் நடந்தது இதற்கு நேர் எதிர். தலைநகர் சனா பகுதியில் உணவு உதவி உரியவர்களுக்குப் போகாமல் திருப்பிவிடப்படுவதைக் கண்ட ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம், கைரேகைப் பதிவு வேண்டும் என்றது. அந்தப் பகுதியை ஆண்ட ஹவுதி தரப்பு மறுத்தது. தகவல் யார் கையில் இருப்பது என்பதே சண்டை. 2019 ஜூனில் உணவு வழங்கல் ஓரளவு நிறுத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர். உடன்பாடு வர ஆகஸ்ட் ஆனது. ஓரிடத்தில் பதிவுசெய்ததால் ஆபத்து, இன்னொரு இடத்தில் பதிவுசெய்ய முடியாததால் பட்டினி. இரண்டிலும் தொழில்நுட்பம் ஒன்றுதான்: கைரேகைப் பதிவு.

இந்த மாதிரித் திட்டங்களுக்குள் உட்கார்ந்து வேலை செய்ய ஆட்கள் தேவைப்படுகிறார்கள். எந்தத் தகவலை வாங்கவே கூடாது, வாங்கினால் எத்தனை நாளில் அழிப்பது, அரசோடு போடும் ஒப்பந்தத்தில் எந்த வரி இருந்தே ஆக வேண்டும் என்று எழுதுகிறவர்கள் அவர்கள். தகவல் பாதுகாப்பு அலுவலர், டிஜிட்டல் திட்ட மேலாளர், கண்காணிப்பு-மதிப்பீட்டு ஆய்வாளர், தொழில்நுட்பக் கொள்கை ஆலோசகர் என்று பதவிப் பெயர்கள் இருக்கும். தரவுத்தளம் உள்ளே எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவரை ஏமாற்றுவது கடினம். அறம் மட்டும் படித்தவரிடம் விற்பனைப் பிரதிநிதி எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அதனால் மகளின் பொறியியல் வீணாகிறது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

காப்புரிமையும் இதே துறைதான். 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் எய்ட்ஸ் கூட்டு மருந்தை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அப்போது பெரிய நிறுவனங்களின் விலை 10,000 டாலருக்கு மேல். அறிவியல் இரண்டிலும் ஒன்றே. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராத அன்றைய இந்தியச் சட்டம்தான் வித்தியாசம். சட்டத்தில் ஆர்வமுள்ள பொறியாளருக்கு இந்தப் பக்கம் நல்ல வழி இருக்கிறது.

இந்தத் துறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. உங்கள் மகளும் அதில் மயங்கிவிடக்கூடாது. புதுமை என்றால் பணம் வருகிறது, பராமரிப்பு என்றால் வருவதில்லை. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் 'பிளே பம்ப்' என்ற கருவிக்கு 2006இல் அமெரிக்க அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் அறிவித்தன. புகைப்படத்தில் அழகாக இருந்தது. சொன்ன அளவுக்கு எல்லோருக்கும் தண்ணீர் கிடைக்கக் குழந்தைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டியிருக்கும் என்று பிறகு ஒரு பத்திரிகை கணக்குப் போட்டது. பல இடங்களில் பெண்கள்தான் அதைக் கையால் சுற்றினார்கள். மறுபக்கம், உப்புச்சர்க்கரைக் கரைசலைப் பாருங்கள். 1980களில் வங்கதேசத்தின் பிராக் அமைப்பு அதை வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். பணியாளரின் ஊதியமோ, எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதை வைத்து இல்லை. சொல்லிக்கொடுத்ததைத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்று பிறகு போய்ச் சோதித்துத்தான் முடிவானது. என்னைக் கேட்டால் அந்த ஊதிய முறைதான் கண்டுபிடிப்பு. எந்தப் போட்டியிலும் அதற்குக் கோப்பை கிடைக்காது.

இப்போது பணம். மறைக்காமல் சொல்கிறேன், இது மோசமான நேரம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதியோடு அந்நாட்டு அரசின் உதவி முகமையான யுஎஸ்எய்ட் வெளிநாட்டு உதவித் திட்டங்களை நடத்துவதே நின்றுபோனது. பிரிட்டன் தன் உதவி நிதியை 2027க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. 2020 வரை அது 0.7, பிறகு 0.5. அனுபவம் உள்ளவர்களே ஏராளமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். நேற்றுப் படித்து முடித்தவர் அவர்களோடு போட்டியிட வேண்டும். வேலை கிடைத்தாலும் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம்.

ஐ.நா. வேலை என்றதும் பெற்றோர் பலரும் நிரந்தர அரசு வேலைபோல் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஐ.நா. தலைமைச் செயலகத்தில் பயிற்சியாளர்களுக்கு ஊதியமே கிடையாது. யூனிசெஃப் போன்ற சில அமைப்புகள் படித்தொகை தருகின்றன. இளநிலை அலுவலர் திட்டத்தில் செலவை ஏற்பது நன்கொடை நாடுகள், எனவே இடங்களும் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே. தொடக்க நிலையான பி-2 பதவிக்குக்கூடப் பொதுவாக முதுகலையோடு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். ஏழை நாடுகளுக்கான வேலையில் சேர ஏழை நாட்டுப் பட்டதாரிக்குக் கதவு குறுகல் என்பது இந்தத் துறையின் அறப் பிரச்சினைகளில் ஒன்று. அதைப் பாடத்தில் எத்தனை கல்லூரிகள் சொல்லித் தருகின்றன என்று தெரியவில்லை!

ஆகவே என் ஆலோசனை இது. மகளின் ஆசை சரியானது, வரிசைதான் மாற வேண்டும். கல்லூரியிலிருந்து நேராக முதுகலைக்குப் போக வேண்டாம். கிடைத்திருக்கும் வேலையை அவர் எடுத்துக்கொள்ளட்டும், அல்லது பொதுச் சுகாதாரம், குடிமக்கள் பதிவு, நீர், பணப் பரிமாற்றம் இவற்றில் ஏதாவது ஒன்றோடு தொடர்புள்ள வேறு வேலையைத் தேடட்டும். இரண்டு ஆண்டு போதும். சக்கரம் ஓடும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும்: சர்வர் விழுந்தால் யாருக்குப் போன் வருகிறது, பயனாளியின் புகார் எங்கே போய் நிற்கிறது என்று.

வேலை நேரத்துக்கு வெளியே ஒன்று செய்யச் சொல்லுங்கள். டிஹெச்ஐஎஸ்2 என்று ஒரு சுகாதாரத் தகவல் மென்பொருள் இருக்கிறது. இனவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் 1990களில் வேர்விட்டது. இன்று ஓஸ்லோ பல்கலைக்கழகம் பராமரிக்கிறது, எழுபதுக்கும் அதிகமான நாடுகளில் ஓடுகிறது. ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற நோயாளிப் பதிவு மென்பொருளும் இப்படித்தான். இரண்டும் திறந்த மூலம், யாரும் பங்களிக்கலாம். அதில் ஒரு சிறு பிழையைத் திருத்திப் பெயர் பதித்தவரை, நோக்கக் கடிதத்தில் உலகை மாற்றுவேன் என்று எழுதியவரைவிட நான் முன்னால் வைப்பேன். மற்ற நாட்டு உருவாக்குநர்களோடு பழக்கமும் ஏற்படும். இந்தத் துறையில் வேலைச் செய்தி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது.

பிறகு முதுகலை. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் கட்டாயம், படிப்பு முடிந்து நாடு திரும்பவும் வேண்டும். காத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியம் உதவித்தொகை தரும் எராஸ்மஸ் முண்டஸ் திட்டங்களையும் பார்க்கலாம். கடன் வாங்கிப் படிக்க இது உகந்த துறை இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எந்தக் கல்லூரி என்பதில் பெயரைவிடப் பாடத்திட்டம் முக்கியம். பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அறிவியல் கொள்கை ஆய்வுக்கும் வளர்ச்சி ஆய்வுக்கும் தனித்தனி நிறுவனங்கள் 1966 முதல் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உள்ள டி-லேப் கருவி வடிவமைப்பின் பக்கமிருந்து வருகிறது. இரண்டும் வேறு வேறு ஆட்களை உருவாக்கும். பாடப் பட்டியலில் அரசுக் கொள்முதல், காப்புரிமைச் சட்டம், தகவல் பாதுகாப்பு, மதிப்பீட்டு முறைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'புதுமைப் பட்டறை', 'வடிவமைப்புச் சிந்தனை' என்றே நிரம்பியிருந்தால் விட்டுவிடலாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், சேரும் முன்பே வேலையில் இருந்தவர்களா என்று கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். நேரான பதில் வராத கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டாம்.

கடைசியாக உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள்: மேலே இருப்பவர்கள் தப்பு செய்தால் இவள் எதிர்த்துப் பேசி வேலையை இழந்துவிடுவாளே என்று. நியாயமான பயம். நடக்கவும் நடக்கும். எதிர்ப்பை வாயால் சொல்லாமல், இடர் மதிப்பீட்டு அறிக்கையில் எழுத்தில் பதியப் பழகியவர்கள் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கிறார்கள். எந்தச் சந்தையிலும் விலைபோகிற நிரல் எழுதும் திறன் கையில் இருந்தால், வெளியேற வேண்டி வந்தாலும் வீடு நடக்கும். இரண்டு ஆண்டு வேலையை முதலில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் சேர்த்துத்தான் காரணம்.

செவனிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடும். இந்த ஆண்டு அதை விட்டுவிடச் சொல்லுங்கள். அவர் பார்த்து வைத்திருக்கும் படிப்புகளின் பாடப் பட்டியலை மட்டும் எனக்கு அனுப்பட்டும்; எதை நீக்கலாம் என்று அவரோடு நேரில் பேசிக்கொள்கிறேன்.