நார்ஃபோக் முழுக்கத் தட்டை, பார்க்க ஒன்றுமில்லை என்கிறார்களே, உண்மையா?

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், நார்ஃபோக் மாவட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது, மலையும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் பொட்டல் என்று நண்பர் பயமுறுத்துகிறார், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே நார்ஃபோக்கில், நாரிச் நகரில் குடும்பத்தோடு இருப்பவன் நான். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. உங்கள் நண்பர் அநேகமாக மேடும் மலையுமான லீட்ஸ், ஷெஃபீல்டு பக்கம் இருப்பவராக இருக்கும். எனக்கும் அப்படி ஒருவர் வாய்த்திருக்கிறார், என் சகலை. டெர்பிஷயரில் வீடு. "உங்க ஊர்ல ஒரு ஸ்பீடு பிரேக்கர்தான் சகலை உயரமான இடம்" என்பார், வருஷம் தவறாமல்.

நார்ஃபோக்கில் மலை இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. கீழே கமெண்டில் வந்து சண்டை போட வேண்டாம். மாவட்டத்தின் உச்சி வெஸ்ட் ரன்டனுக்கு மேலே இருக்கும் பீக்கன் ஹில், சுமார் 103 மீட்டர். சகலை பீற்றிக்கொள்ளும் டெர்பிஷயர் மலை கிண்டர் ஸ்கவுட் 636 மீட்டர். கொடைக்கானல்காரர்கள் இரண்டையும் பார்த்துச் சிரிப்பார்கள், அது வேறு. ஆனால் தட்டை என்று யாரையாவது திட்டியே ஆகவேண்டும் என்றால் பழைய ஹண்டிங்டன்ஷயர் மாவட்டத்தைத் திட்டுங்கள். அதன் உச்சியே 81 மீட்டர்தான். அங்கே இருக்கும் ஹோம் ஃபென் என்ற சதுப்பு நிலம் கடல் மட்டத்துக்கு 2.75 மீட்டர் கீழே. பக்கத்து ஏரியை வடித்த சமயம், 1851 வாக்கில், ஓர் இரும்புத் தூணைத் தலை தரையோடு தரையாக இருக்கும்படி புதைத்தார்கள். நீர் வடிந்த பீட் மண் (செடிகொடி மக்கிச் சேர்ந்த சதுப்பு மண்) சுருங்கிச் சுருங்கி, இன்று தூண் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. அதைப் பார்க்கவே ஒரு நாள் போகலாம்.

எங்கள் மேடும் சாதாரண மேடு இல்லை. பீக்கன் ஹில் இருப்பது கடலோர ஊரான குரோமருக்குப் பின்னால் 14 கிலோமீட்டர் போல நீளும் ஒரு முகட்டில். அந்த முகடு, சுமார் 4.5 லட்சம் வருஷத்துக்கு முன் வடக்கிலிருந்து வந்த பனிப்படலம் புல்டோசர் மாதிரி தள்ளிக் குவித்த மண்ணும் ஜல்லியும். ஷெரிங்கமில் இருந்து சைக்கிளில் ஏறிப் பாருங்கள், அதுவும் வடகடல் காற்று எதிரே அடிக்கும் நாளில். தட்டை என்ற பேச்சு அப்புறம் வாயில் வராது.

கடற்கரையைப் பற்றி எழுதினால் இரவெல்லாம் எழுதலாம். ஹன்ஸ்டன்டனில் பாறைச் சுவர் கீழே துருப்பிடித்த பழுப்பு, நடுவில் செங்கல் சிவப்பு, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு என்று மூன்று நிறத்தில் நிற்கும். கிழக்குக் கரையில் இருந்துகொண்டே மேற்கைப் பார்க்கும் ஊர் அது. சூரியன் கடலில் மறைவதை அங்கே பார்க்கலாம். பிளேக்னியில் கூழாங்கல் திட்டில் சீல்கள் (கடல்நாய்கள்) படுத்திருக்கும். இங்கே இருக்கும் பிராட்ஸ் ஏரிகள் இயற்கை என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். இடைக்காலத்தில் அடுப்புக்காக பீட் வெட்டிய குழிகளில் தண்ணீர் ஏறியதுதான் அவை என்று 1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் நிரூபித்தார்.

ஆனால் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் ஹேஸ்பரோ என்ற கடலோரக் கிராமம். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு ஈஸ்டர் விடுமுறைக்கு சகலை குடும்பத்தோடு வந்திருந்தார். வழக்கமான ஸ்பீடு பிரேக்கர் பேச்சு முடிந்ததும் போனை நீட்டினார். கடலைப் பார்த்த பங்களா, மூன்று படுக்கையறை, விலை நாரிச்சில் ஒரு ஃபிளாட் விலைகூட இல்லை. "தட்டையா இருந்தா என்ன, வாங்கிப் போட்டா வாடகை வருமே" என்றார். விளம்பரத்தின் கடைசி வரியில் 'ரொக்கம் மட்டும்' என்று இருந்தது. வங்கி ஏன் கடன் தராது என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று மறுநாள் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட 1790-ஆம் வருஷத்துக் கலங்கரை விளக்கைத் தாண்டி நடந்தால் பீச் ரோடு. நல்ல தார் ரோடு, போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று இருக்காது. விளிம்பில் தார் உடைந்து தொங்குகிறது. கீழே எட்டிப் பார்த்தால் களிமண், மணல், களிமண் என்று அடுக்கடுக்காக ஈரம் கசியும் சுவர். அதன் நடுவில் யாருடைய வீட்டுக்கோ போன ஒரு பிளாஸ்டிக் குழாய் துண்டாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் வீடுகள் இருந்த இடம் இப்போது காற்று. மனைவி பக்கத்தில் நின்றதால் சகலை ஒன்றும் பேசவில்லை, "சரி, சாப்பாட்டுக்கு எங்க போறோம்?" என்று மட்டும் கேட்டார்.

இதே கரையில்தான் 2013-ல் அலை அரித்த சேற்றில் 8 லட்சம் வருஷத்துக்கும் பழைய மனிதக் காலடித் தடங்கள் வெளிப்பட்டன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைத்த மிகப் பழைய தடங்களில் அவையும் உண்டு. படம் எடுத்துப் பதிவு செய்தார்கள், கொஞ்ச நாளிலேயே கடல் அவற்றையும் அழித்துவிட்டது. இந்தக் கரைச் சுவர் பனிப்படலம் கொட்டிவிட்டுப் போன மண், கருங்கல் இல்லை. போதாக்குறைக்கு, பனியின் பாரம் நீங்கிய ஸ்காட்லாந்து இன்னும் எழும்பிக்கொண்டிருக்க, தென்கிழக்கு இங்கிலாந்து மெல்லத் தாழ்கிறது.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். கொஞ்சம் வடக்கே பேக்டனில் எரிவாயு முனையம் இருக்கிறது. அதையும் பக்கத்துக் கிராமங்களையும் காப்பாற்ற 2019-ல் 18 லட்சம் கன மீட்டர் மணலைக் கொண்டுவந்து கரையில் கொட்டினார்கள். ஹேஸ்பரோக்காரனுக்கு? வீடு விளிம்புக்கு வந்தால் இடிக்கும் செலவுக்கு 6,000 பவுண்டு வரை உதவி, போன வீட்டுக்கு இழப்பீடு கிடையாது. எல்லாக் கரையிலும் சுவர் கட்ட முடியாது, ஓரிடத்தில் அரிப்பைத் தடுத்தால் அடுத்த ஊருக்குப் போகும் மணல் நின்றுவிடும், எல்லாம் எனக்கும் தெரியும், பாடம் எடுக்க வராதீர்கள். ஆனாலும் வரி எல்லோரிடமும்தானே வாங்குகிறார்கள்?

வயிற்றெரிச்சல் என்றதும் இன்னொன்று. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன். "ஹீத்ரோ வந்து கூட்டிட்டுப் போயிடுப்பா, பக்கம்தானே" என்பார்கள். மூன்று மணி நேரக் கார்ப் பயணம் அது, டிராஃபிக் இல்லாவிட்டால். விடியற்காலை ஐந்து மணி விமானமாகப் பார்த்து டிக்கெட் போடுவார்கள். நீங்கள் இங்கே வந்தால் இந்தச் சேவை உங்களுக்கும் காத்திருக்கிறது.

வேலைக்கு வாருங்கள், தயங்கவே வேண்டாம். வீடு வாங்குவதானால் மட்டும் அரசு வெளியிடும் கரையோர அரிப்பு வரைபடத்தில் அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். இதே கரையில் இருக்கும் ஹெம்ஸ்பியில் மணல்மேட்டின் மேல் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். 2013 டிசம்பர் புயலில் அங்கே வீடுகள் கடலுக்குள் போயின, அதற்குப் பிறகும் போயிருக்கின்றன. வேலை எந்த ஊரில் என்று நீங்கள் எழுதவில்லை. கிங்ஸ் லின் என்றால் அதிர்ஷ்டம், ஹன்ஸ்டன்டன் காரில் அரை மணி நேரம். நாரிச் என்றால் வாடகை வீடு பிடிப்பது பற்றி உள்பெட்டியில் கேளுங்கள், அந்த ஏஜென்ட் கதைகளைப் பொதுவெளியில் எழுத முடியாது.